ராம்நாத் கோயங்கா: ஒரு பத்திரிகை முதலாளி எதை வைத்துச் சண்டை போட்டார்?

ஒரு நாளேட்டை முடக்க அதன் ஆசிரியரைப் பிடித்துச் சிறையில் தள்ள வேண்டிய அவசியமே இல்லை. காகிதம் கிடைக்காமல் செய்யலாம். அச்சுக்கூடத்துக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தலாம். வங்கியிடம் ஒரு வார்த்தை சொல்லிக் கடனை மறுக்க வைக்கலாம். அரசு விளம்பரங்களைப் பறிக்கலாம். அலுவலகம் நிற்கும் நிலத்தின் குத்தகைப் பத்திரத்தைத் தூசி தட்டி எடுத்து, விதிமீறல் என்று நோட்டீஸ் ஒட்டலாம். இந்தக் கோப்புகள் எதிலும் கருத்துரிமை என்ற பேச்சே இருக்காது. வரி பாக்கி, கட்டட விதி, இறக்குமதிக் கொள்கை என்றுதான் இருக்கும்.

இத்தனை வழிகளும் ஒரே மனிதரின் பத்திரிகைகள் மீது பிரயோகிக்கப்பட்டன. அவர் ராம்நாத் கோயங்கா. மதராசில் தொழில் தொடங்கி, இந்தியன் எக்ஸ்பிரஸையும் தினமணியையும் நாடறிந்த பெயர்களாக்கியவர். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், நெருக்கடிநிலைத் தணிக்கையை எதிர்த்து 1975 ஜூன் 28 அன்று வெற்றிடமாக வெளியான தலையங்கத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்த வெற்றிடம் துணிச்சலானது, சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாள் தலையங்கத்தை வெறுமையாக விடுவதைவிட, அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபத்தொரு மாதங்கள் பத்திரிகையைக் கைவிட்டுப் போகாமல் வைத்திருந்தது பெரிய காரியம். அதற்குத் தலையங்கம் எழுதும் திறமை போதாது. கடன், சொத்து, பங்கு, வழக்கு ஆகியவற்றின் சூட்சுமம் தெரிந்த ஒரு வியாபாரி தேவைப்பட்டார். கோயங்கா என்ற போராளியை கோயங்கா என்ற வியாபாரியிடமிருந்து பிரித்துப் பார்த்தால் அவர் கதை விளங்காது என்பது என் எண்ணம். அவர் மீது சொல்லப்படும் குறைகளும் அந்த வியாபாரியிடமிருந்து வந்தவைதாம்.

பீகாரின் தர்பங்காவில் 1904-ல் பிறந்தவர். மார்வாடிக் குடும்பம். கல்கத்தாவில் வியாபாரம் பழகி, 1920களின் தொடக்கத்தில், இருபது வயதை ஒட்டிய பருவத்தில் மதராசுக்கு வந்தார். நூலும் சணலும் துணியும்தான் தொழில். வந்த ஊரின் மொழி வேறு, மனிதர்கள் வேறு. ஆனாலும் 1926-லேயே மதராஸ் சட்டசபைக்கு நியமன உறுப்பினராகிவிட்டார். அந்த வயதில் அந்த இடம் சாதாரணமாகக் கிடைக்காது. யாரிடம் அதிகாரம் இருக்கிறது, எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று கணிக்கும் திறன் அவருக்கு முதலிலிருந்தே இருந்தது.

இந்தியன் எக்ஸ்பிரஸை அவர் தொடங்கவில்லை. சேலத்தின் காங்கிரஸ் தலைவரும் மருத்துவருமான பி. வரதராஜுலு நாயுடு 1932-ல் மதராசில் தொடங்கினார். பணம் தாக்குப்பிடிக்காமல், சில மாதங்களிலேயே அது எஸ். சதானந்த் கைக்குப் போனது. சதானந்த், ஃப்ரீ பிரஸ் என்ற செய்தி நிறுவனத்தைத் தொடங்கியவர். இந்தியச் செய்தியை இந்தியர் கண்ணால் பார்த்துத் தர வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற தேசியவாதி. 1934 செப்டம்பர் 11, பாரதி நினைவு நாளில் தினமணி வெளிவந்ததும் அவர் காலத்தில்தான். ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம், துணைக்கு ஏ.என். சிவராமன்.

சதானந்தின் நிறுவனம் ஏன் சரிந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 1931-ன் பத்திரிகைச் சட்டப்படி, பிரிட்டிஷ் அரசு அச்சகத்திடமும் வெளியீட்டாளரிடமும் ஜாமீன் தொகை கேட்கலாம். பிடிக்காத செய்தி வந்தால் அதைப் பறிமுதல் செய்துவிட்டு, மறுபடியும் இன்னும் பெரிய தொகையாகக் கேட்கலாம். கைது இல்லை, விலங்கு இல்லை. கல்லாப்பெட்டி காலியாகும், அவ்வளவுதான். ஃப்ரீ பிரஸ் பத்திரிகைகள் இந்த அடியைத் திரும்பத் திரும்ப வாங்கின. சதானந்துக்குப் பணம் தேவைப்பட்டபோது கோயங்கா கடன் பத்திரங்கள் மூலம் உள்ளே வந்தார். பங்குகளாக மாற்றிக்கொள்ளத்தக்க கடன் பத்திரங்கள் அவை. கடைசியில் விவகாரம் நீதிமன்றம் வரை போய், 1930களின் நடுவில் எக்ஸ்பிரஸும் தினமணியும் கோயங்காவுடையவை ஆயின. சதானந்துக்கு அதில் நியாயமான மனக்கசப்பு இருந்திருக்கும். கொள்கைக்காக அடி வாங்கியவர் பத்திரிகையை இழந்தார். கணக்குப் புத்தகம் தெரிந்தவர் அதைப் பெற்றார். ஆட்சியை எதிர்க்கும் பத்திரிகைக்கு நிதிப் பலம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கோயங்கா அருகிலிருந்தே பார்த்துவிட்டார்.

1940-ல் எக்ஸ்பிரஸ் அலுவலகம் தீயில் கருகியது. அப்போது கைகொடுத்தது போட்டிப் பத்திரிகையான தி இந்து. சுதேசமித்திரன் அச்சகத்தில் தற்காலிகமாக அச்சடிக்க ஏற்பாடு நடந்தது. மவுண்ட் ரோட்டில் தனக்கெனப் புதிய கட்டடம் கட்டிக்கொண்டு போயிருந்த இந்து, தான் காலி செய்த பழைய இடத்தையும் எக்ஸ்பிரஸுக்கு வாடகைக்குத் தந்தது. பின்னாளில் மெட்ராஸ் கிளப் இருந்த பரந்த வளாகத்தைக் கோயங்கா வாங்க, அந்தப் பகுதியே எக்ஸ்பிரஸ் எஸ்டேட் ஆனது. வெள்ளைக்காரத் துரைமார் மட்டும் நுழைந்த கிளப்பின் வளாகத்தில் தேசியப் பத்திரிகைகள் அச்சாகின.

1942 ஆகஸ்ட்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்தது. போராட்டச் செய்திகளை அரசு சொல்கிறபடிதான் போட வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தபோது, அப்படி நடத்துவதைவிட நிறுத்திவிடலாம் என்று முடிவெடுத்துக் கோயங்கா தன் பத்திரிகைகளை நிறுத்தினார். விற்பனை இல்லை, விளம்பரம் இல்லை. அதைத் தாங்கும் பணபலம் அவருக்கு இருந்தது. பின்னர் அரசியல் நிர்ணய சபைக்கும் மதராசிலிருந்து உறுப்பினரானார்.

இதே காலத்தில்தான் தமிழ் இதழியலில் பெரிய பிளவு ஒன்று நிகழ்ந்தது. நிர்வாகத்தோடு மோதல் முற்றி, 1943-ல் டி.எஸ். சொக்கலிங்கம் தினமணியை விட்டு வெளியேறினார். வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நாடு’ இதழ்க் காலத்திலிருந்தே பழுத்த பத்திரிகையாளர் அவர். அவரோடு உதவி ஆசிரியர்கள் பலரும் போனார்கள். அவர்களில் ஒருவர் புதுமைப்பித்தன். 1944-ல் சொக்கலிங்கம் தினசரி என்ற நாளேட்டைத் தொடங்கினார். தினமணி என்ற பெயருக்கு உயிர் கொடுத்த ஆசிரியரைக்கூட முதலாளி தக்கவைத்துக்கொள்ளவில்லை. கோயங்காவின் வாழ்க்கையில் இது கடைசி வரை தொடர்ந்த குணம். அரசாங்கத்துக்கு அடங்காதவர், தனக்கு அடங்காத ஆசிரியரைப் பொறுத்துக்கொண்டது குறைவு.

ஆனால் சிவராமன் விஷயம் நேர்மாறானது. சொக்கலிங்கத்துக்குப் பின் ஆசிரியப் பொறுப்பேற்ற அவர் 1987 வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நாற்காலியில் இருந்தார். ‘கணக்கன்’ என்ற பெயரில் பொருளாதாரத்தையும் ஐந்தாண்டுத் திட்டங்களையும் உலக அரசியலையும் விவரமாக எழுதினார். ‘குமாஸ்தா’, ‘ஒண்ணேகால் ஏக்கர்’ என்றும் அவருக்குப் பெயர்கள் உண்டு. அணுசக்தியையும் வேளாண்மையையும் ஆங்கிலம் அறியாத வாசகருக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்த நாளேடு அது. பத்தி பத்தியாகப் புள்ளிவிவரம் போட்டுப் பக்கத்தை நிரப்பினால் விற்பனை கூடாது என்று எந்த வியாபாரிக்கும் தெரியும். கோயங்கா அந்தப் பக்கங்களில் கைவைக்கவில்லை. இதை அவருக்கு ஆதரவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் அவர் ஊர் ஊராகப் பத்திரிகை வாங்கினார். தெலுங்கில் ஆந்திர பிரபா 1930களின் இறுதியிலேயே கையில் இருந்தது. பம்பாயில் மார்னிங் ஸ்டாண்டர்டை 1944-ல் வாங்க, அது அங்கே இந்தியன் எக்ஸ்பிரஸ் ஆனது. தில்லியில் இந்தியன் நியூஸ் கிரானிக்கிளை வாங்கி, 1953-ல் அதுவும் எக்ஸ்பிரஸ் ஆனது. மதுரை, பெங்களூர், அகமதாபாத் எனப் பதிப்புகள் பெருகின. 1961-ல் ஃபைனான்ஷியல் எக்ஸ்பிரஸ். அந்நாளில் பெரிய ஆங்கில நாளேடுகள் பெரும்பாலும் ஒரு நகரத்தின் பத்திரிகைகளாகவே இருந்தன. மற்ற ஊர்களுக்கு ரயிலில் போய், மதியமோ மறுநாளோ சேரும். கோயங்கா ஒரே பத்திரிகையைப் பல ஊர்களில் அச்சடித்தார். ஒவ்வொரு ஊர்ப் பதிப்பும் தனித்துப் பார்த்தால் அந்தந்த ஊர் முதலிடப் பத்திரிகைக்குப் பின்னால்தான் நிற்கும். கூட்டிப் பார்த்தால் நாட்டிலேயே மிகப் பெரிய விற்பனைகளில் ஒன்று.

இந்தப் பரவலுக்கு இன்னொரு பலனும் இருந்தது. தில்லியில் மின்சாரத்தை நிறுத்தினால் மதுரையில் அச்சு நிற்காது. மதராஸில் வேலைநிறுத்தம் வந்தால் பம்பாய் ஓடும். அவர் இதைத் திட்டமிட்டே செய்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் பின்னால் வந்த சோதனைகளில் இதுதான் அவரைக் காப்பாற்றியது.

கூடவே கட்டடங்கள். நாளேட்டின் பொருளாதாரம் எளிதில் உடையக்கூடியது. வாசகர் கொடுக்கும் விலை காகிதச் செலவுக்கே பற்றாது. பற்றாக்குறையை விளம்பரம் நிரப்ப வேண்டும். விளம்பரம் தருகிறவர்களோ அரசும், அரசின் லைசென்ஸை நம்பியிருந்த கம்பெனிகளும். ஆட்சியோடு மோதினால் இரண்டும் வற்றும். கோயங்கா இதற்கு மாற்றாக நிலத்தையும் கட்டடத்தையும் பிடித்தார். மதராஸில் எக்ஸ்பிரஸ் எஸ்டேட், தில்லி பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் எக்ஸ்பிரஸ் கட்டடம், பம்பாய் நரிமன் பாயிண்ட்டில் கட்டடக் கலைஞர் ஜோசப் ஆலன் ஸ்டைன் வடிவமைத்த எக்ஸ்பிரஸ் டவர்ஸ். வாடகை வரும், தேவைப்பட்டால் அடமானமும் வைக்கலாம். எந்த அமைச்சரும் இந்த வருமானத்தை ஒரு தொலைபேசி அழைப்பில் நிறுத்த முடியாது. அமைச்சருக்குக் கோபம் வந்தபோது முதலில் கட்டடத்தின் மீதே கைவைத்ததற்குக் காரணமும் இதுவே.

அவர் பத்திரிகையோடு நின்றிருந்தால் கதை இன்னும் சுத்தமாக இருந்திருக்கும். சணல் ஆலை வைத்திருந்தார். இந்தியன் அயர்ன் அண்ட் ஸ்டீல் நிறுவனத்தைப் பிடிக்கப் பங்குகளை வாங்கிக் குவித்து, கடனிலும் வழக்கிலும் சிக்கினார். ஆட்சியாளர்களுக்கு அவர் மீது கோபம் வரும்போதெல்லாம் தோண்டி எடுக்க ஏதாவது ஒரு கோப்பு தயாராக இருந்தது. அரசியலிலும் அவர் ஓரமாக நின்று பார்த்தவரில்லை. 1971-ல் ஜனசங்க வேட்பாளராக மத்தியப் பிரதேசத்தின் விதிஷாவில் நின்று மக்களவைக்குப் போனார். இந்திரா காந்தி ஆட்சிக்கு எதிரான இயக்கத்தை நடத்திய ஜெயப்பிரகாஷ் நாராயண் அவருக்கு நெருங்கிய நண்பர், ஜே.பி.யின் எவ்ரிமேன்ஸ் வார இதழ் எக்ஸ்பிரஸ் குழுமத்தின் ஆதரவில்தான் வந்தது. ஒரு காலத்தில் ஃபெரோஸ் காந்தி எக்ஸ்பிரஸ் நிர்வாகத்தில் பணிபுரிந்திருக்கிறார். அதே ஃபெரோஸின் மனைவி இந்திரா பிரதமராக இருந்தபோதுதான் எக்ஸ்பிரஸ் மீது முழு அரசும் பாய்ந்தது.

அதற்கு முன், தொழிலாளர் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். பத்திரிகையாளருக்கு வேலைநேரம், விடுப்பு, ஊதியம் ஆகியவற்றை வரையறுத்து 1955-ல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. ஊதியக் குழு சம்பளத்தை நிர்ணயித்தது. கோயங்காவின் நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது. இந்தச் சட்டமே பத்திரிகைச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்பது வாதம். 1958-ல் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. ஒரு சிறு பிரிவைத் தவிரச் சட்டம் செல்லும் என்றது. ஆனால் பத்திரிகைகளின் கொடுக்கும் சக்தியை ஊதியக் குழு சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று கூறி, அதன் முடிவை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே மதராஸ் அலுவலகத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. நிர்வாகம் 1959 ஏப்ரலில் மதராஸ் பதிப்பை மூடி, அச்சை விஜயவாடாவுக்கு மாற்றியது. பல ஊர்களில் அச்சுக்கூடம் வைத்திருப்பது அரசுக்கு எதிராக மட்டுமல்ல, தொழிலாளிக்கு எதிராகவும் பயன்படும் ஆயுதம் என்பது அன்று தெரிந்தது. அந்த வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை நீண்டது. கருத்துரிமை என்ற கேடயத்தை முதலாளி தன் சம்பளப் பட்டியலுக்கு முன்னால் பிடித்தது எனக்கு ஏற்புடையதில்லை. எழுதுகிறவரின் வயிறு காய்ந்தால் அங்கே சுதந்திரமான எழுத்து எப்படி வரும்?

அடுத்தது காகிதம். நியூஸ்பிரிண்ட் எனப்படும் செய்தித்தாள் காகிதம் பெரும்பாலும் இறக்குமதி. 1962-ன் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒவ்வொரு பத்திரிகைக்கும் இவ்வளவுதான் என்று மத்திய அரசு ஒதுக்கும். 1972-73-க்கான கொள்கையில் பெரிய நாளேடுகள் பத்துப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வந்தது. பக்கம் குறைந்தால் விளம்பரம் குறையும், அல்லது செய்தி குறையும். டைம்ஸ் ஆஃப் இந்தியாவை நடத்தும் நிறுவனத்தின் பெயரால் பென்னட் கோல்மன் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில், 1972 அக்டோபரில், உச்ச நீதிமன்றம் இந்த வரம்பை ரத்து செய்தது. அந்நியச் செலாவணி குறைவு என்பது காகிதத்தைப் பங்கிடக் காரணமாகலாம். கிடைத்த காகிதத்தில் எத்தனை பக்கம் போடுவது என்று பத்திரிகைக்குச் சொல்ல அது காரணமாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

இனி 1975. ஜூன் 25 இரவு நெருக்கடிநிலை பிறந்தது. தில்லியின் நாளேடுகள் பல பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் வரிசையாக இருந்தன. அன்றிரவு அந்தச் சாலைக்கான மின்சாரம் நிறுத்தப்பட்டது. அச்சு இயந்திரங்கள் நின்றன. ஆனால் ஹிந்துஸ்தான் டைம்ஸும் ஸ்டேட்ஸ்மனும் மறுநாள் வெளிவந்தன. அவை இருந்த புது தில்லிப் பகுதிக்கு மின்சாரம் வழங்கியது வேறு நகராட்சி. எந்த சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்பதில் அன்று நாட்டின் செய்தி தங்கியிருந்தது. பிற்பாடு நெருக்கடிநிலை அத்துமீறல்களை ஆராய அமைக்கப்பட்ட ஷா கமிஷன் விசாரித்த விஷயங்களில் இந்த மின்வெட்டும் ஒன்று.

தணிக்கை வந்தது. 28-ஆம் தேதி எக்ஸ்பிரஸின் தலையங்க இடம் வெறுமையாக வந்தது. அடுத்து, வெற்றிடம் விடுவதற்கும் தடை. ஜூலையில் எக்ஸ்பிரஸின் குல்தீப் நய்யார் கைதானார். அமைச்சர் வி.சி. சுக்லாவின் தகவல் ஒலிபரப்புத் துறை அரசு விளம்பரங்களை நிறுத்தியது. கோயங்காவின் மற்ற தொழில்கள் தொடர்பான வழக்குகள் எல்லாம் தலைதூக்கின. அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது, மாரடைப்பும் வந்தது. பத்திரிகையை விற்றுவிடு என்ற நெருக்குதல் கடுமையானபோது அவர் முழுவதும் பணியவும் இல்லை, வீரவசனம் பேசி உடையவும் இல்லை. நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் அரசுக்கு வேண்டியவர்கள் பெரும்பான்மை பெறும்படி விட்டார், கே.கே. பிர்லா தலைவரானார். ஆசிரியர் எஸ். முல்காவ்கர் விலக நேர்ந்தது. ஆனால் பங்குகள் கோயங்கா குடும்பத்திடமே இருந்தன. இயக்குநர் நாற்காலி வரும், போகும். பங்கு கையில் இருந்தால் பத்திரிகை கையில் இருக்கும். 1976-ல் அந்தக் குழுவைத் திரும்பத் தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தார்.

அதற்குப் பதிலடியாக எல்லா வழிகளும் ஒரே சமயத்தில் திறந்தன. எக்ஸ்பிரஸுக்கு மட்டும் தனியாக முன்தணிக்கை உத்தரவு. வங்கிக் கடன் மறுப்பு. 1976 அக்டோபரில் தில்லி மாநகராட்சி வரி பாக்கி என்று அச்சுக்கூடத்துக்குச் சீல் வைத்தது, மின்சாரமும் போனது. உயர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் இயந்திரத்தை மறுபடி ஓட்ட முடிந்தது. இந்த மாதங்களில் ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர் வி.கே. நரசிம்மன். முன்பு தி இந்துவில் பணியாற்றியவர், அமைதியானவர். சொல்ல முடிந்த அளவுக்கு, சில நேரம் அதற்கு மேலும், எழுதிக்கொண்டே இருந்தார். 1977 மார்ச்சில் இந்திரா தோற்றார். நெருக்கடிநிலை நீங்கியதும் கோயங்கா என்ன செய்தார்? முல்காவ்கரைத் திரும்பக் கூட்டிவந்தார். பத்திரிகையின் மிகக் கடினமான நாட்களில் தோள் கொடுத்த நரசிம்மன் கீழே இறக்கப்பட்டு, பின் வெளியேறி டெக்கான் ஹெரால்டுக்குப் போனார். கோயங்காவைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் நரசிம்மனின் பெயரை விட்டுவிடக் கூடாது. அந்த மாதங்களின் பெருமையில் பாதி அவருடையது.

1979-ல் மகன் பகவன்தாஸ் இறந்தார். அந்த வயதில் அப்படி ஓர் இழப்புக்குப் பிறகும் கோயங்கா ஓயவில்லை. அதே ஆண்டு அருண் ஷோரி எக்ஸ்பிரஸில் பொறுப்பேற்றார். பொருளாதாரம் படித்தவர், பத்திரிகைத் தொழிலில் அனுபவம் இல்லாதவர். பீகாரின் பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களில் அமிலம் ஊற்றிக் குருடாக்கிய கொடுமையை 1980-ல் நிருபர் அருண் சின்ஹா வெளிக்கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அஸ்வினி சரின் என்ற நிருபர், பெண்கள் விற்கப்படுகிறார்கள் என்பதை நிரூபிக்க, கமலா என்ற பெண்ணை 2,300 ரூபாய் கொடுத்து ‘வாங்கி’ அந்தச் செய்தியை எழுதினார். அது சரியான முறையா என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு. 1981 ஆகஸ்ட் இறுதியில், சிமெண்ட் ஒதுக்கீட்டைக் காட்டி அறக்கட்டளைகளுக்கு நன்கொடை வசூலித்த மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர். அந்துலே பற்றிய கட்டுரை வந்தது. 1982 ஜனவரியில் அந்துலே பதவி விலகினார். அதே ஆண்டு கோயங்கா ஷோரியை வேலையை விட்டு நீக்கினார். பிறகு 1987-ல் கூப்பிட்டு, 1990-ல் மறுபடியும் நீக்கினார்.

இந்திரா 1980-ல் மீண்டும் பதவிக்கு வந்ததும் குறி வைக்கப்பட்டது தில்லிக் கட்டடம். பழைய கட்டடத்தை ஒட்டி எழுப்பிய புதிய பகுதி குத்தகை விதிகளை மீறியது, ஆகவே நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று 1980 மார்ச்சில் நோட்டீஸ் வந்தது. முந்தைய ஜனதா ஆட்சியில் உரிய அமைச்சகம் அனுமதித்த கட்டுமானம் அது. வழக்கு ஐந்தாண்டுகள் நடந்தது. 1985 அக்டோபரில் நீதிபதி ஏ.பி. சென் முதலானோர் அந்த நோட்டீஸ்களை ரத்து செய்தார்கள். நிலக் குத்தகை என்ற போர்வையில் ஒரு பத்திரிகையை மிரட்டும் வேலை இது என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இன்னொரு வழக்கு, நியூஸ்பிரிண்ட் மீதான இறக்குமதி வரி பற்றியது. 1984 டிசம்பரில் நீதிபதி இ.எஸ். வெங்கடராமய்யா எழுதிய தீர்ப்பு, பத்திரிகைகளுக்கு வரியிலிருந்து விலக்கு இல்லை என்றது. ஆனால் அறிவைப் பரப்பும் ஒன்றின் மீது, அதை நசுக்கும் அளவுக்கு வரி போடக் கூடாது என்றும் சொல்லி, அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என உத்தரவிட்டது.

கடைசிச் சண்டை ராஜீவ் காந்தியுடன். 1986-ல் எஸ். குருமூர்த்தி ரிலையன்ஸ் நிறுவனத்தைப் பற்றி எக்ஸ்பிரஸில் தொடர் கட்டுரைகள் எழுதினார். திருபாய் அம்பானியோடு கோயங்காவுக்கு நட்பு இருந்து, அது முறிந்த காலம் அது. 1987 மார்ச் 13 அன்று, குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் பிரதமருக்கு எழுதிய கடிதம் எக்ஸ்பிரஸில் வெளியானது. அன்றே குருமூர்த்தி கைதானார். தில்லியில் கோயங்காவின் விருந்தினர் இல்லத்தில் சிபிஐ சோதனை நடந்தது. செப்டம்பர் 1-ஆம் தேதி நாடெங்கும் எக்ஸ்பிரஸ் அலுவலகங்களில் ஒரே நேரத்தில் சோதனை. அதைத் தொடர்ந்து தில்லியில் நீண்ட வேலைநிறுத்தம். அடுத்த ஆண்டு ராஜீவ் அரசு அவதூறு மசோதாவைக் கொண்டுவந்தபோது, நாடு முழுவதும் பத்திரிகையாளர்கள் தெருவில் இறங்கினார்கள். எண்பத்து நான்கு வயதில் கோயங்காவும் தில்லி ஊர்வலத்துக்கு வந்தார். மசோதா கைவிடப்பட்டது.

இந்தக் கட்டத்தில் அவரை நடுநிலைப் பத்திரிகை முதலாளி என்று சொல்ல என்னால் முடியாது. ஆட்சியைக் கவிழ்க்கும் முனைப்பு அவருக்கு இருந்தது. பத்திரிகை அதற்குக் கருவியாகவும் இருந்தது. ஆனால் அவர் சொன்ன விஷயங்கள் மெய்யா பொய்யா என்பது தனிக் கேள்வி. ஒரு முதலாளியின் நோக்கத்தில் கலப்பு இருப்பதாலேயே அவர் பத்திரிகை வெளியிட்ட ஆவணம் பொய்யாகிவிடாது. வாசகர் இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

தில்லியில் இவ்வளவு நடந்துகொண்டிருக்க, மதராஸில் 1987-ல் சிவராமனுக்குப் பின் தினமணியின் ஆசிரியராக வந்தவர் ஐராவதம் மகாதேவன். ஐ.ஏ.எஸ். பணியில் இருந்தவர், சிந்துவெளி எழுத்துகளிலும் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளிலும் உலகம் மதிக்கும் ஆய்வாளர், அதற்கு முன்பே எக்ஸ்பிரஸ் குழும நிர்வாகத்தில் இருந்தவர். பத்திரிகைத் தமிழில் பிறமொழிச் சொற்களைக் குறைத்து, எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தி, தமிழ்மணி இணைப்பிதழைத் தொடங்கினார். நாளேட்டின் ஆசிரியராகக் கல்வெட்டு அறிஞர் ஒருவரை அமர்த்தும் முதலாளி இன்று எங்கே இருக்கிறார் என்று எனக்கு ஏக்கமாகவே இருக்கிறது.

1991 அக்டோபர் 5 அன்று பம்பாயில் கோயங்கா காலமானார். பிறகு வாரிசுகளுக்குள் சட்டச் சண்டை. வடக்கு, மேற்குப் பதிப்புகள் விவேக் கோயங்காவிடமும், தென்னிந்தியப் பதிப்புகளும் தினமணியும் மனோஜ்குமார் சொந்தாலியாவிடமும் போயின. இரண்டு ஆங்கிலப் பத்திரிகைகளின் பெயர்கள் இன்றும் ஒன்றுபோலத் தோன்றுவதால் பலர் குழம்புகிறார்கள். தெற்கில் வருவது தி நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ், அதற்கும் வடக்கில் வரும் தி இந்தியன் எக்ஸ்பிரஸுக்கும் நிர்வாகம் வேறு வேறு. சென்னை எக்ஸ்பிரஸ் எஸ்டேட்டில் இப்போது எக்ஸ்பிரஸ் அவென்யூ என்ற வணிக வளாகம் இயங்குகிறது.

அவர் நடத்திய வழக்குகளில் இரண்டு இன்றும் வேலை செய்கின்றன. பத்திரிகையின் காகிதத்துக்கோ கட்டடத்துக்கோ அரசு குறிவைக்கும் போதெல்லாம் 1984, 1985 தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். 1958-ல் அவர் எதிர்த்து வழக்காடிய உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமோ, 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. அந்தத் தொகுப்பில் தங்கள் தனி ஊதியக் குழுவுக்கு இடமில்லாமல் போனதே என்று பத்திரிகையாளர் சங்கங்கள் இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.